வலியோடு வேலைக்குப் போகிறவர்கள்

பால் பாக்கெட்டின் முனையைக் கிழிக்க முடியாத விரல்களோடுதான் சரவாங்கி எனும் மூட்டு நோய் வந்தவரின் காலை விடிகிறது. ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும்போது கை முழுதாக மூடாது, மூடினால் விரியாது. வெந்நீர் ஊற்றிய பக்கெட்டுக்குள் மணிக்கட்டுவரை இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். அதன் பிறகும் குக்கர் மூடியைத் திருப்ப உள்ளங்கைதான் உதவும், விரல் உதவாது. புடவைக் கொசுவம் பிடிக்க வராது, ஊக்கு குத்த வராது, அதனால் சுடிதார். மகள் தலை பின்னிவிடுகிறாள். ஏழே காலுக்குத் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும்.

மூட்டுகளின் காலை இறுக்கம் தளர ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிப்பது இந்த நோயின் இயல்பு. ஏழே காலுக்கு வேனில் ஏற வேண்டுமென்றால் ஐந்துக்கு எழ வேண்டும். ஐந்துக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதரைக்காவது படுத்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவி முடியவே பத்தரை ஆகிவிடுகிறது. வேலைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கும் நடுவிலான இழுபறி இந்த ஒரு மணி நேரத்தில் தொடங்கி, சம்பளம், மருந்து, பதவி உயர்வு, குடும்பம் என்று எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. நாள்பட்ட வலியோடும் உடற்குறையோடும் உழைக்கிறவர்களுக்கு ஓய்வு என்பது வேலைக்கு நடுவே கிடைத்தால் எடுத்துக்கொள்ளும் சலுகை அல்ல. அந்த வேலையைச் செய்ய முடிவதற்கே அதுதான் நிபந்தனை. இதைத் தொழிலாளி மட்டும் உணர்ந்தால் போதாது. ஷிஃப்ட் போடுகிறவர், சான்றிதழ் எழுதுகிற மருத்துவர், வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் உணர வேண்டியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பாரம்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், அல்லது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும் வலியை நாள்பட்ட வலி என்று மருத்துவம் வரையறுக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் (ஐசிடி-11) அதற்குத் தனி இடம் தரப்பட்டது. வேறு ஒரு நோயின் அறிகுறியாக மட்டும் இல்லாமல், வலியே ஒரு நோயாக இருக்கக்கூடும் என்பதை அந்தப் பட்டியல் ஏற்றுக்கொண்டது. காயம் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் வலிச் சமிக்ஞைகளைப் பெருக்கிக் காட்டுகிற நிலைக்குப் போய்விடுவது உண்டு. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. வலி மட்டும் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் அன்றிரவு தூக்கம் கெடும்.

கீழ்முதுகு வலி மட்டுமே 2020-ல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. சரவாங்கி, ஒற்றைத் தலைவலி, ஃபைப்ரோமயால்ஜியா, எண்டோமெட்ரியோசிஸ், சர்க்கரை நோயால் வரும் நரம்பு எரிச்சல் என்று மீதிப் பட்டியல் நீளமானது. இவற்றில் பெரும்பாலானவை வெளியே தெரிவதில்லை. கட்டுப் போட்ட கையைப் பார்த்தால் பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். வீங்காத, சிவக்காத, ஆனால் எரிந்துகொண்டே இருக்கும் கைக்கு யாரும் எழுவதில்லை.

தமிழ்நாட்டு அலுவலகங்களில் இன்னொரு தலைமுறையும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. சிறுவயதில் போலியோ வந்து, படித்து, அரசு வேலையிலும் வங்கிகளிலும் பள்ளிகளிலும் சேர்ந்தவர்கள் அவர்கள். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ ஒழிப்புச் சான்று கிடைத்தது. நோய் போய்விட்டது, நோய் வந்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்துப் புதிதாகத் தசைச் சோர்வும் மூட்டுவலியும் தொடங்குகின்றன. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் எனப்படும் இந்த நிலைக்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுவது, போலியோவில் பிழைத்த நரம்பு செல்கள் அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துப் பல பத்தாண்டுகள் செய்து தேய்ந்துபோவது. ‘கால் முடியாவிட்டாலும் எல்லோரைவிடவும் அதிகம் உழைக்கிறார்’ என்று பாராட்டு வாங்கியவர்கள் இவர்கள். அந்தப் பாராட்டை நம்பி மாடிப்படி ஏறியவர்களுக்கு ஐம்பது வயதில் மருத்துவர் சொல்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது: படி ஏறாதீர்கள், சக்கர நாற்காலியை இப்போதே பழகுங்கள், மதியம் படுத்து எழுங்கள். பல ஆண்டுகள் கட்டிக்காத்த ஒரு பெருமையை இறக்கிவைக்கச் சொல்லும் அறிவுரை அது. தசைப் பயிற்சியைவிட அதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும்.

நல்ல நாளில் நடக்கும் தவறு

நாள்பட்ட வலியில் மோசமான நாளைவிட ஆபத்தானது நல்ல நாள். வலி குறைந்த ஒரு நாள் வாய்த்தால், விட்டுப்போன வேலையை எல்லாம் அன்றே முடித்துவிடத் தோன்றும். தேங்கிய துணி, தள்ளிப்போட்ட ஃபைல், பரண் மேலிருக்கும் பாத்திரம், ஓவர்டைம் எல்லாம் ஒரே நாளில் நடக்கும். அடுத்த இரண்டு மூன்று நாள் படுக்கை. எழுந்ததும் மீண்டும் அதே ஓட்டம். வாரக்கணக்கில் பார்த்தால் செய்து முடித்த வேலை குறைந்துகொண்டே வந்திருக்கும். பிசியோதெரபிஸ்ட்டுகள் முதலில் உடைக்க முயல்வது இந்தச் சுழற்சியைத்தான்.

அதற்கான முறை கேட்பதற்கு எளிது. வலி வந்த பிறகு நிறுத்தாமல், கடிகாரம் பார்த்து நிறுத்துவது. உட்கார்ந்து தைக்கிற ஒருவருக்கு நாற்பது நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்குமானால், முப்பதாவது நிமிடத்தில் எழுந்துவிட வேண்டும். வலி இல்லாத நாளிலும் அதே முப்பது. வலிக்கும் நாளில் கொஞ்சம் குறைவு. சில வாரங்கள் அப்படியே நின்று, பிறகு இரண்டு மூன்று நிமிடமாகக் கூட்டலாம். ஓய்வு என்றால் நாள் முழுக்கப் படுத்திருப்பதல்ல. நீண்ட படுக்கை தசையைத் தளர்த்தி வலியைக் கூட்டும் என்பதால், இதமான உடற்பயிற்சி மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

அமெரிக்காவில் லூபஸ் நோயோடு வாழ்ந்த கிறிஸ்டின் மிசராண்டினோ, அளந்து செலவழிக்க வேண்டிய இந்த வாழ்க்கையைத் தோழிக்குப் புரியவைக்க ஓர் உணவகத்தில் கையில் கிடைத்த கரண்டிகளைப் பயன்படுத்தினார். 2003-ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். காலையில் கையில் இருப்பது இத்தனை கரண்டி. குளிக்க ஒன்று, உடுத்த ஒன்று, பேருந்து ஏற ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். மாலைக்கு மிஞ்சுவது எத்தனை என்று காலையிலேயே எண்ண வேண்டும். உலகெங்கும் நாள்பட்ட நோயாளிகள் தங்களை அந்தக் கரண்டியின் பெயரால் அழைத்துக்கொள்ளும் அளவுக்கு அது பரவியது. உடம்பு நன்றாக இருக்கிறவர் எண்ணத் தேவையில்லாத ஒன்றை, நோயாளி ஒவ்வொரு நாளும் எண்ண வேண்டியிருக்கிறது. அந்த எண்ணிக்கையே ஒரு தனி வேலை.

திருப்பூரின் பின்னலாடைத் தையல் வரிசையான பவர் டேபிளில் இந்த முறை உடனே முட்டி மோதும். அங்கே பீஸ் ரேட், நிமிடம்தான் காசு. எட்டு மணி நேர ஷிஃப்டோடு நிற்காமல் ஒன்றரை ஷிஃப்ட் ஓடுவது வழக்கம். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் பின்னால் லைன் தேங்கும், சூப்பர்வைசரின் குரல் உயரும். ஓவர்லாக்கிலிருந்து செக்கிங்குக்கு மாற்றிக் கேட்டால் விரலுக்கு நல்லது. ஆனால் செக்கிங் நின்றே செய்யும் வேலை, சம்பளமும் குறைவு. விரலைக் காப்பாற்றினால் முழங்கால் போகும், முழங்காலைக் காப்பாற்றினால் வருமானம் போகும். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரைகள் பலவும் மாதச் சம்பளக்காரரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பீஸ் கணக்கில் உழைக்கிறவரின் உடம்புக்கு அவை பொருந்துவதில்லை.

பெட்டிச் செய்தி: வாரத்தில் ஒரே நாள்

சரவாங்கிக்கு முதன்மையாகத் தரப்படும் மருந்து மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே எடுக்க வேண்டிய மாத்திரை. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தான சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம் என்பதால், நடுவில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். மருந்து எடுத்த மறுநாள் குமட்டலும் அசதியும் வருவது உண்டு. அதனால்தான் வேலைக்குப் போகிற பலர் மருத்துவரிடம் கேட்டுச் சனிக்கிழமை இரவை மருந்து நாளாக வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு அசதிக்குப் போய்விடும். கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரையும், கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்க்கக் குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். மதுவைத் தவிர்க்க வேண்டும். கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால், குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோய் தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் முறையான சிகிச்சை ஆரம்பித்தால் விரல்கள் கோணிப்போவதைப் பெருமளவு தடுக்க முடியும்.

சொல்வதா, மறைப்பதா

வேலையில் சேரும்போது நோயைச் சொன்னால் வேலை கிடைக்காது என்ற பயம் பெரும்பாலும் நியாயமான பயம். ஒப்பந்தத் தொழிலாளியை அடுத்த மாதம் வர வேண்டாம் என்று சொல்லக் காரணம் காட்டத் தேவையில்லை. பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் ஐடி ஊழியர், கழுத்து எலும்புத் தேய்மானத்தைச் சொன்னால் அடுத்த புராஜெக்டில் பெயர் விடுபடும் என்று கணக்குப் போடுகிறார். திருமணமாகாத பெண்ணின் வீட்டில், அலுவலகத்தில் தெரிந்தால் ஊருக்கும் தெரியும், வரன் தள்ளிப்போகும் என்பார்கள். மறைப்பதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன. சொல்வதற்கு ஒன்றுதான், உடம்பு.

மறைக்கிறவர் வலியைக் காட்டாமல் எட்டு மணி நேரம் ஓட்டியாக வேண்டும். அங்கேதான் செட் மாத்திரை வருகிறது. சீட்டு இல்லாமல் மெடிக்கல் ஷாப்பில் போய் ‘உடம்பு வலிக்கு ஒரு செட்’ என்றால், கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள் ஒரு சிறு காகித உறையில் வரும். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணி ஒன்று இருக்கும். பல நேரம் ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். ஒரு மணி நேரத்தில் உடம்பு லேசாகும். அடுத்த நாளும் அதே கடை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் வலி நிவாரணி வயிற்றில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் கொண்டுவரும். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், எலும்பை மெலியவைக்கும், முகத்தை ஊதவைக்கும். நீண்ட நாள் எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. என்ன மாத்திரை என்று உறையில் எழுதியிருக்காது என்பதால், பிறகு வரும் மருத்துவருக்கும் எதை நிறுத்துவது என்று தெரியாது. ஒரு நாள் லீவு கேட்க முடியாத நிலைமைக்குக் கொடுக்கப்படும் விலை சில ஆண்டுகள் கழித்து டயாலிசிஸ் வார்டில் வந்து நிற்கக்கூடும்.

முழுவதும் சொல்வதற்கும் முழுவதும் மறைப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நோயின் பெயரைச் சொல்லாமல், வேலைக்கு என்ன தேவை என்பதை மட்டும் சொல்வது. ‘தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது; ஒரு ஸ்டூல் இருந்தால் முழு ஷிஃப்டும் பார்த்துவிடுவேன்’ என்ற வாக்கியத்தில் நோய் இல்லை, தீர்வு இருக்கிறது. அதை வாயால் சொல்லி விடாமல் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலும் தேதியும் கையில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

நாற்காலிக்காக ஒரு சட்டம்

ஒரு ஸ்டூலுக்காகச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்து நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். தி.நகர் ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற இளைஞர்களின் வாழ்க்கையை வசந்தபாலன் இயக்கிய ‘அங்காடித் தெரு’ 2010-ல் திரையில் காட்டியது. ஏறக்குறைய அதே காலத்தில் கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், கழிப்பறைக்காகவும் உட்காரும் உரிமைக்காகவும் விஜி என்ற தையல் தொழிலாளியின் தலைமையில் ‘பெண்கூட்டு’ அமைப்பாகத் திரண்டார்கள். கேரளம் 2018-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு இடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி, ஒவ்வொரு கடையும் நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

இது உடற்குறை உள்ளவர்களுக்கான சட்டம் இல்லை, எல்லோருக்குமானது. அதனால்தான் வலியோடு வேலை பார்க்கிறவருக்கு இது முக்கியமாகிறது. தனக்கு மட்டும் நாற்காலி கேட்கிற சங்கடமும், நோயை நிரூபிக்கிற வேலையும் இதில் இல்லை. ஆனால் இருக்கை இருப்பது ஒன்று, அதில் உட்கார்ந்தால் முகம் சுளிக்காமல் இருப்பது வேறொன்று. வாடிக்கையாளர் வரும்போது ஊழியர் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிற கடைக்காரர் இருக்கும்வரை, நாற்காலி சுவரோரமாக மடங்கித்தான் கிடக்கும். அந்த மனப்பாங்கில் வாடிக்கையாளருக்கும் பங்கு இருக்கிறது.

நாற்பது சதவீதக் கோடு

2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, முன்பு 7 ஆக இருந்த உடற்குறை வகைகளை 21 ஆக்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் நோய் எல்லாம் உள்ளே வந்தன. நாள்பட்ட வலி என்ற வகை அதில் இல்லை. சரவாங்கி என்ற பெயரும் இல்லை. அதனால் கை கால் அசைவு குறைந்தால் அந்தக் குறைபாட்டின் பெயரில்தான் சான்றிதழ் வாங்க முடியும். அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40 சதவீதக் குறைபாடு வேண்டும்.

ஏறி இறங்கும் நோய்களுக்கு இந்தக் கோடு கொடுமையானது. மருத்துவக் குழுவின் முன்னால் நிற்கிற நாள் நல்ல நாளாக அமைந்துவிட்டால், விரல் மடங்கும், கால் நடக்கும், சதவீதம் குறையும். மடக்கிப் பார்த்து அளக்கிற கோணத்தில் சோர்வு தெரியாது, வலியும் தெரியாது.

ஆனால் நாற்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று நினைப்பது சரியல்ல. எழுதும்போது கை முறுக்கிக்கொள்ளும் குறைபாடு உள்ள விகாஷ் குமார், சிவில் சர்வீஸ் தேர்வு எழுதத் துணை எழுத்தர் கேட்டார். நாற்பது சதவீதம் இல்லை என்று மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் எழுதிய அந்தத் தீர்ப்பின் சாரம், நியாயமான வசதிகளைப் பெறும் உரிமைக்கு நாற்பது சதவீதம் நிபந்தனை அல்ல என்பது. நீண்டகாலக் குறைபாடும் சுற்றியுள்ள தடைகளும் சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்குமானால், அவர் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளிதான். பணியிடத்தில் மாற்றம் கேட்டு மனு எழுதுகிற யாரும் மேற்கோள் காட்ட வேண்டிய தீர்ப்பு இது. போதுமான பேருக்கு இன்னும் இது தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

அரசு ஊழியருக்கு அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு வலுவான பாதுகாப்பு. பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்பக் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. அந்தப் பணி முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி. அதுவும் இல்லையென்றால் பொருத்தமான இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். தனியார் ஊழியருக்கு இந்த அளவு உறுதி சட்டத்தில் இல்லை. இருப்பது, ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்ற 21-ஆம் பிரிவு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் அந்தக் கொள்கையில் என்ன வசதிகள் தரப்படும், பொறுப்பான அலுவலர் யார் என்பதையும் குறிப்பிட வேண்டும். சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய்வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய்வரை.

பெட்டிச் செய்தி: ஈஎஸ்ஐ என்ன தரும்?

மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி, ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவார். மாற்றுத்திறனாளி என்றால் வரம்பு 25,000 ரூபாய். தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா செலுத்தியிருந்தால், நோயுற்ற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். பட்டியலிடப்பட்ட 34 நீண்டகால நோய்களுக்கு இது 80 சதவீதமாகி இரண்டு ஆண்டுவரை நீளும். ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது; லீவு எடுத்த நாளிலேயே டிஸ்பென்சரிக்குப் போவது நல்லது.

வீட்டில் இன்னொரு ஷிஃப்ட்

சரவாங்கி ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. வேலைக்கும் ஓய்வுக்கும் நடுவிலான சமநிலையைப் பற்றிப் பேசும்போது சமையலறையை விட்டுவிட்டுப் பேச முடியாதது இதனால்தான். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடம். அலுவலகத்தில் மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து தொடங்கும் இந்த ஷிஃப்டில் அவருக்கு அதிகாரம் கிடையாது.

மூட்டுகளுக்கு எந்த வேலை எவ்வளவு கெடுதல் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளைக் கேட்டால் தனித்தனியாகச் சொல்வார்கள். ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது மணிக்கட்டுக்கு ஆகவே ஆகாது. குழாயின் மேல் துணியைச் சுற்றி இரு கையாலும் இழுத்து வடிக்கலாம், அல்லது பிழியாமலே காயப்போடலாம். கட்டைப் பையை விரலில் மாட்டித் தூக்காமல் முன்கையிலோ தோளிலோ மாட்ட வேண்டும். சப்பாத்தி மாவு பிசைவது, தேங்காய் துருவுவது, குடத்தை ஒரு கையால் தூக்குவது எல்லாம் வேறு யாராவது செய்ய வேண்டியவை. கரண்டிப் பிடியிலும் பேனாவிலும் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் விரல் அதிகம் இறுக்க வேண்டியதில்லை. நின்றே சமைக்கும் மேடைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஸ்டூல் போதும், பாதி வேலை உட்கார்ந்து நடக்கும்.

இவ்வளவும் செய்ய, வீட்டில் இருப்பவர்கள் அதை நோய்க்கான சிகிச்சையாகப் பார்க்க வேண்டும். மாத்திரை வாங்கிக் கொடுக்கிற கணவன் மாவு பிசைய வராவிட்டால் மாத்திரையின் பலனில் பாதி அடுப்படியிலேயே போய்விடும். வெளியே போகாமல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்ணுக்கு இது இன்னும் கடினம். பயணம் மிச்சமாகிறது, நடுவில் முதுகைச் சாய்த்துக்கொள்ள முடிகிறது என்பது உண்மை. 2020-க்குப் பிறகு வந்த இந்த ஏற்பாடு நடக்கச் சிரமப்படுகிற பலருக்கு வேலைவாய்ப்பின் கதவைத் திறந்துவிட்டதும் உண்மை. ஆனால் வீட்டில் இருப்பவர் ஓய்வில் இருப்பவர் என்ற எண்ணத்தால் அவர் சாய்கிற அந்தப் பத்து நிமிடத்தில் காலிங்பெல்லும் குக்கரும் அவரையே கூப்பிடுகின்றன.

பெட்டிச் செய்தி: ரெனுவாரின் கை

பிரெஞ்சு ஓவியர் ஒகுஸ்த் ரெனுவாருக்கு 1892 வாக்கில், ஐம்பது வயதை ஒட்டிச் சரவாங்கி தொடங்கியது. விரல்கள் உள்ளே மடங்கிப்போயின. பின்னாளில் சக்கர நாற்காலி. ஆனாலும் 1919-ல் இறக்கும்வரை வரைந்தார். 1915-ல் சாஷா கித்ரி எடுத்த சிறு படத்தில், அவர் வரைவதையும், இளைய மகன் தூரிகையை எடுத்து அவர் விரல்களுக்கு இடையே வைப்பதையும் பார்க்கலாம். கையில் சுற்றியிருந்த துணி தூரிகையைக் கட்டுவதற்கல்ல. மடங்கிய விரல்கள் உள்ளங்கைத் தோலைப் புண்ணாக்காமல் இருப்பதற்கு. பெரிய ஓவியங்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைய, துணி உருளைகளில் சுற்றி மேலும் கீழும் நகர்கிற மாதிரிச் சட்டம் செய்துகொண்டார். குளிர் குறைந்த தெற்குப் பகுதியில் உள்ள கானிய என்ற ஊரில் 1907-ல் நிலம் வாங்கிக் குடியேறினார். விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாக அவரைச் சொல்வார்கள். தூரிகை எடுத்துக் கொடுக்க ஆளும், வடிவம் மாற்றிய சட்டமும், இடம் மாறப் பணமும் அவருக்கு இருந்ததையும் சேர்த்துச் சொல்வதே முழு உண்மை.

சான்றிதழில் இல்லாத வரி

மாற்றங்களுக்குப் பெரிய செலவாகும் என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம். அமெரிக்காவில் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற சேவை பல ஆண்டுகளாக நிறுவனங்களிடம் கேட்டுவரும் கணக்கில், ஊழியருக்காகச் செய்த மாற்றங்களில் ஏறத்தாழ பாதிக்குச் செலவே ஆகவில்லை. தமிழ்நாட்டுச் சூழலுக்கும் இது பொருந்தக்கூடியது. முழங்கால் வலி உள்ள ஆசிரியரின் வகுப்பை இரண்டாம் மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு மாற்றக் கால அட்டவணையில் ஒரு திருத்தம் போதும். காலை இறுக்கம் உள்ள எழுத்தர் ஒன்பதரைக்குப் பதில் பத்தரைக்கு வந்து ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகலாம். மருத்துவமனை ஓ.பி. நாளுக்கு ஏற்ப வார விடுமுறையை மாற்றிக்கொள்ள விட்டால், மாதம் ஒரு சம்பள நாள் மிஞ்சும்.

பெரிய செலவு பிடிக்கிறவை அலுவலகத்துக்கு வெளியே இருக்கின்றன. வழக்கமான நகரப் பேருந்தின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்துக்கு அது 400. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம்வரை போய்ப் பல ஆண்டுகள் போராடிய பிறகு சென்னையில் 2024-ல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஏறும்போதே பாதித் தெம்பு போய்விடுகிற பேருந்தில் வந்து சேர்கிறவரிடம், எவ்வளவு நல்ல அலுவலகமும் மீதிப் பாதியைத்தான் எதிர்பார்க்க முடியும்.

நீண்ட லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற கட்டம்தான் பலர் வேலையை இழக்கிற கட்டம். நம் ஊர் மருத்துவச் சான்றிதழில் இரண்டே நிலைதான்: பணிக்குத் தகுதியற்றவர், பணிக்குத் தகுதியானவர். ஒரு மாதம் படுத்திருந்தவர் மறுநாளே ஒன்றரை ஷிஃப்ட் பார்க்கத் தயார் என்று அந்தத் தாள் சொல்லிவிடுகிறது. பத்தாவது நாளில் வலி திரும்புகிறது. பதினைந்தாவது நாளில் ராஜினாமா. பிரிட்டனில் 2010 ஏப்ரலில் இந்தத் தாளையே மாற்றினார்கள். வேலைக்குத் தகுதியற்றவர் என்பதோடு, ‘சில மாற்றங்கள் செய்தால் வேலை பார்க்கலாம்’ என்ற இன்னொரு நிலை சேர்க்கப்பட்டது. அதற்குக் கீழே நான்கு கட்டங்கள்: படிப்படியாக வேலைக்குத் திரும்புதல், வேலை நேர மாற்றம், வேலைப் பொறுப்பில் மாற்றம், பணியிட வசதி மாற்றம். மருத்துவர் தேவையானதை டிக் செய்கிறார். ஊழியரும் நிர்வாகமும் அதை வைத்துப் பேசி முடிவெடுக்கிறார்கள்.

இங்கே அப்படி ஒரு படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தகுதிச் சான்றிதழின் கீழேயே, ‘முதல் இரண்டு வாரம் நான்கு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் ஆறு மணி நேரம், பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து நடக்க அனுமதிக்கவும்’ என்று எழுத எந்த விதியும் மருத்துவரைத் தடுக்கவில்லை. நோயாளி கேட்டால்தான் அது நடக்கும். கேட்பதற்குத் தோதாக, தன் வேலையில் என்னென்ன அசைவுகள் உண்டு, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எவ்வளவு எடை தூக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டும். ஓ.பி.யில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் மருத்துவர் அதைப் படித்துவிட்டு எழுத முடியும். அந்தச் சான்றிதழின் நகல் ஒன்று மனிதவளப் பிரிவுக்கு, ஒன்று சூப்பர்வைசருக்கு, ஒன்று தொழிலாளியின் கையில்.